ஒரு ஷூவில் எட்டு, இன்னொன்றில் ஒன்பது: என் கால் என்ன சைஸ்?

தருமபுரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. அங்கே கொடுத்த சேஃப்டி ஷூ 8-ஆம் நம்பர். சுண்டுவிரலைப் போட்டு நசுக்குகிறது. வீட்டில் இருக்கும் ஸ்போர்ட்ஸ் ஷூவும் 8-தான், அது சரியாக இருக்கிறது. ஆன்லைனில் 9 வாங்கிப் பார்த்தால் நடக்கும்போது குதிகால் கழன்று கழன்று வருகிறது. "என் கால் உண்மையில் என்ன சைஸ்? அடுத்த மாதம் தங்கச்சி கல்யாணம். அப்பாவுக்கும் ஒரு ஷூ வாங்கணும். காட்டு வேலை செய்த கால், எந்த ஷூவுக்குள்ளும் நுழையாது" என்கிறார்.

நான் ஆம்பூர்ப் பக்கம் ஒரு ஏற்றுமதி ஷூ கம்பெனியில் 9 வருஷம் வேலை பார்த்தேன். அப்புறம் கிருஷ்ணகிரியில் நாங்களே ஒரு செருப்புக் கடை போட்டு 11 வருஷம் ஆகிறது. அங்கே பார்த்ததையும் இங்கே பார்த்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

தம்பி, உங்கள் காலுக்கு நம்பர் கிடையாது. நீளம் உண்டு, அகலம் உண்டு, புறங்காலுக்கு உயரம் உண்டு. பெட்டியில் போட்டிருக்கிற 8 என்பது ஷூ தைத்த அச்சின் நம்பர். அந்த அச்சைத் தொழிற்சாலையில் லாஸ்ட் என்போம். கால் வடிவத்தில் இருக்கும்; முன்பு மரத்தில் கடைந்தார்கள், இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக். ஷூவின் மேல்பாகத்தை அதன் மேல் இழுத்துப் போர்த்தி, அடியில் ஒட்டி, சூடு காட்டி, ஆறவிட்டு, அதற்குப் பிறகுதான் லாஸ்டை உருவுவோம். ஷூவுக்குள் உங்கள் கால் நுழைகிற இடம் அந்த லாஸ்ட் இருந்துவிட்டுப் போன இடம்தான். ஒவ்வொரு கம்பெனிக்கும், ஒவ்வொரு மாடலுக்கும் லாஸ்ட் வேறு. ஒன்றில் மூக்கு உருண்டை, ஒன்றில் கூர். ஒன்றில் குதிகால் ஒடுக்கம், ஒன்றில் தாராளம். எல்லாவற்றுக்கும் நம்பர் மட்டும் 8.

நம் ஊரில் நம்பர் என்றால் இங்கிலாந்து அளவு. வெள்ளைக்காரர்கள் காலத்திலிருந்து அப்படியே வருகிறது. அதில் ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் உள்ள தூரம் ஒரு பார்லி மணியின் நீளம், அதாவது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் 8.5 மில்லி மீட்டர். குழந்தைகளின் அளவு 4 அங்குலத்தில் தொடங்கி 13-ஆம் நம்பர் வரை போகும். பிறகு மறுபடி 1-லிருந்து பெரியவர்களின் அளவு. 6 வயதுப் பையனுக்கு 11, அவன் அப்பாவுக்கு 8 என்று வருவது இதனால்தான். கணக்குப்படி பெரியவர்களின் 8 என்றால் லாஸ்டின் நீளம் சரியாக 11 அங்குலம், 279 மில்லி மீட்டர். அந்த 279-க்குள் எத்தனை மில்லி மீட்டர் கால் போக வேண்டும், விரலுக்கு முன்னால் எவ்வளவு இடம் விட வேண்டும் என்பதை ஷூவை வடிவமைக்கிறவர் முடிவு செய்கிறார். உருண்டை மூக்கு ஷூவில் கொஞ்சம் விட்டால் போதும். கூர் மூக்கில் 20 மில்லி மீட்டருக்கு மேல்கூட வீணாகப் போகும், ஏனென்றால் அந்த முனைக்குள் விரல் போகாது. இங்கேயே முதல் குழப்பம் ஆரம்பித்துவிடுகிறது.

இரண்டாவது குழப்பம் ஐரோப்பிய நம்பர். அதில் ஒரு படி 6.67 மில்லி மீட்டர். 8.5-ஐயும் 6.67-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஏணி கட்டினால் படிகள் எங்கோ ஓரிடத்தில்தான் நேராக வரும். இங்கிலாந்து 8-ம் ஐரோப்பிய 42-ம் அப்படி நேராக வருகிற இடம்: 279, 280. ஆனால் இங்கிலாந்து 10 பாருங்கள், 296 மில்லி மீட்டர். ஐரோப்பிய 44 என்றால் 293, 45 என்றால் 300. இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்கிறது. ஒரு கம்பெனி 44 என்று அச்சடிக்கும், இன்னொன்று 45 என்று அச்சடிக்கும். இரண்டையும் பொய் என்று சொல்ல முடியாது. பெரிய கம்பெனிகளின் அட்டவணையிலேயே இதைப் பார்க்கலாம்: அடிடாஸில் இங்கிலாந்து 8-க்கு நேரே 42 இருக்கும், நைக்கியின் ஆண்கள் ஷூவில் அதே 8-க்கு நேரே 42.5 இருக்கும். ஸ்போர்ட்ஸ் ஷூவில் 8 போடுகிறவர் எல்லா ஷூவிலும் 8 போடுவார் என்று நம்புவதற்கு ஆதாரமே இல்லை.

இதையெல்லாம் விடப் பெரிய விஷயம் அகலம். நம் ஊர்க் கடைகளில் யாரும் அதைக் கேட்பதில்லை, நாங்களும் முன்பு கேட்டதில்லை. சென்னையில் இருக்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுக்க 79 இடங்களில் 1,01,880 பேரின் காலை அளந்தது. அதில் தெரிந்தது, இந்தியர்களின் கால் பொதுவாக ஐரோப்பியர், அமெரிக்கர் காலை விட அகலம் என்பது. இதை வைத்துத்தான் நமக்கென்று ‘பா’ என்ற தனி அளவு முறையையே பரிந்துரைத்தார்கள். பாரத் என்பதன் முதல் எழுத்து அது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது. கடைக்கு வருகிறவர்கள் "என் காலே சரியில்லைங்க" என்று வெட்கப்பட்டுக்கொண்டு எழுந்து போவதை அத்தனை வருஷம் பார்த்திருக்கிறேன்.

இப்போது உங்கள் 9 ஏன் கழன்றது என்று பார்க்கலாம். 8 அகலத்தில் இறுக்கினால் எல்லோரும் செய்வது ஒரு நம்பர் கூட்டுவது. ஒரு நம்பர் கூட்டினால் முன்பாதத்தின் சுற்றளவு ஏறக்குறைய 6 மில்லி மீட்டர் கூடும். சுண்டுவிரலுக்கு நிம்மதி கிடைக்கும், அது உண்மை. கூடவே நீளமும் 8.5 மில்லி மீட்டர் கூடும், குதிகால் பக்கமும் பெருக்கும். ஷூ வளைய வேண்டிய இடம் உங்கள் கட்டைவிரல் மூட்டுக்கு முன்னால் தள்ளிப் போய்விடும். கால் ஓரிடத்தில் வளைகிறது, ஷூ வேறு இடத்தில் வளைகிறது. அந்த இழுபறியில் குதிகால் மேலே கிளம்புகிறது. கழன்று வருகிற ஷூவைப் பிடித்துக்கொள்ள விரல்களை மடக்கி மடக்கி நடப்போம். மாலையில் கெண்டைக்கால் வலிப்பதற்கும், விரல் மேல் காய்ப்பு காய்ப்பதற்கும், கால் ஆணி வருவதற்கும் இது ஒரு காரணம். உங்கள் காலுக்கு வேண்டியது அகலமான 8. 9 அதற்கு மாற்று ஆகாது.

ஆகவே அளந்துவிடுங்கள். சாயங்காலம் அளக்க வேண்டும், முடிந்தால் ஷிஃப்ட் முடித்து வந்த பிறகு. நாள் முழுக்க நின்ற கால் கொஞ்சம் வீங்கியிருக்கும்; ஷூவுக்குள் இருக்கப்போவது அந்தக் கால்தான். எந்த சாக்ஸ் போடுவீர்களோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள். சமமான தரையில் சுவரை ஒட்டி ஒரு வெள்ளைத்தாளை விரித்து, குதிகால் சுவரைத் தொடும்படி நேராக நில்லுங்கள். உட்கார்ந்து அளந்தால் கால் விரியாது, அளவு குறைத்துக் காட்டும். நீங்களே குனிந்து வரையவும் வேண்டாம். குனிந்தால் எடை மாறிவிடும். தங்கச்சியை வரையச் சொல்லுங்கள். பேனாவைச் சாய்க்காமல் செங்குத்தாகப் பிடிக்க வேண்டும், இது முக்கியம். சாய்த்துப் பிடித்தால் கால் சிறுத்துவிடும். சுவரிலிருந்து மிக நீளமான விரலின் நுனி வரை நீளம். நீளமான விரல் கட்டைவிரலாகவே இருக்கும் என்று இல்லை, பலருக்கு அதற்கு அடுத்த விரல் நீளம். கட்டைவிரல் மூட்டின் புடைப்பிலிருந்து சுண்டுவிரல் மூட்டின் புடைப்பு வரை அகலம். தையற்காரர் டேப் இருந்தால் அதே இடத்தில் காலைச் சுற்றிச் சுற்றளவும் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஒரு நூலைச் சுற்றி அதை ஸ்கேலில் வையுங்கள். இரண்டு காலையும் அளக்க வேண்டும். நிறையப் பேருக்கு ஒரு கால் மற்றதை விடக் கொஞ்சம் பெரிது. பெரிய காலுக்குத்தான் ஷூ வாங்க வேண்டும், சின்னக் காலுக்கு உள்ளே ஒரு அட்டை வைத்துச் சரிசெய்யலாம்.

பெண்களுக்கு இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். மெட்டியைக் கழற்றாமல் அளவெடுங்கள். மெட்டி போட்ட விரல் பக்கத்து விரலைத் தள்ளும், மேலேயும் உயரும். கழற்றி அளந்து வாங்கிய கட்ஷூ வீட்டுக்குப் போனதும் அந்த இடத்தில்தான் கடிக்கும்.

நீளம் கிடைத்துவிட்டால் எங்கே தொடங்குவது என்று தெரியும். மூடிய ஷூவுக்குத் தோராயமாக 254 மில்லி மீட்டர் கால் என்றால் 7, 262 என்றால் 8, 271 என்றால் 9. தொடங்குவதற்கு மட்டும்தான் இந்தக் கணக்கு. இரண்டுக்கும் நடுவில் வந்தால் இரண்டு நம்பரையும் எடுத்துப் போட்டுப் பாருங்கள். நம் ஊர்க் கம்பெனிகளில் அரை நம்பர் கிடைப்பது அரிது.

கடையில் போட்டுப் பார்ப்பதை அவசரப்படாமல் செய்ய வேண்டும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. ஸ்போர்ட்ஸ் ஷூவாக இருந்தால் முதலில் உள்ளே பாதத்துக்கு அடியில் இருக்கும் இன்சோலை வெளியே எடுத்துத் தரையில் போட்டு அதன் மேல் நில்லுங்கள். குதிகால் அதன் குழியில் உட்கார வேண்டும், விரலுக்கு முன்னால் ஏறக்குறைய 10 முதல் 12 மில்லி மீட்டர் மிச்சம் இருக்க வேண்டும். பக்கவாட்டில் கால் ஓரிரு மில்லி மீட்டர் வெளியே தெரிந்தால் பரவாயில்லை. சுண்டுவிரலே இன்சோலுக்கு வெளியே இருந்தால் அந்த ஷூவைத் திரும்ப வைத்துவிடுங்கள், போட்டுப் பார்க்கவே வேண்டாம். எனக்குத் தெரிந்த சோதனைகளில் இதுதான் சிறந்தது. ஷூவுக்கு வெளியிலிருந்து கட்டைவிரலால் அழுத்திப் பார்ப்பதை விட இது நூறு மடங்கு நம்பகமானது, ஏனென்றால் வெளியே அழுத்தும்போது உள்ளே விரலை நாமே மடக்கிவிடுகிறோம். பிள்ளைகள் எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

பிறகு இரண்டு ஷூவையும் போட்டு, கயிறு கட்டி, நடந்து பாருங்கள். கடை வாசலில் படியோ சரிவோ இருந்தால் இறங்கிப் பாருங்கள். இறங்கும்போது விரல் முன்னால் போய் இடித்தால் அந்த ஷூ நீளத்தில் குறைவு, அல்லது புறங்காலை அது பிடிக்கவில்லை. போலீஸ் தேர்வுக்காக காலையில் மைதானத்தில் ஓடுகிற பிள்ளைகள் நிறையப் பேர் கட்டைவிரல் நகம் கறுத்துப் போய் வருகிறார்கள். 1500 மீட்டர் ஓடுகிற கால் ஒவ்வொரு அடியிலும் முன்னால் நகரும். ஓடுகிறவர்களுக்கு நான் சொன்ன இடத்தை விடச் சற்றுக் கூடுதலாகவே வேண்டும்.

இன்னொரு விஷயம். காட்சிக்கு வைத்த ஒற்றை ஷூவைப் போட்டுப் பார்த்துவிட்டு, "இதே நம்பர் புதுசாக் கொடுங்க" என்று பெட்டியைக் கட்டிக்கொண்டு வராதீர்கள். ஒரே மாடலை இரண்டு மூன்று தொழிற்சாலைகளில் தைப்பது உண்டு. தோல் தடிமன் கூடக் குறைய இருக்கும். லாஸ்டின் மேல் போதிய நேரம் நிற்காமல் சீக்கிரம் உருவப்பட்ட மேல்பாகம் கொஞ்சம் சுருங்கும். நானே கைபட உருவியிருக்கிறேன், தெரியும். வீட்டுக்குக் கொண்டுபோகிற ஜோடியைத்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.

"போடப் போட லூஸ் ஆகிடுங்க" என்று கடைகளில் சொல்வது பாதி உண்மை. நல்ல தோல் ஷூ அகலத்தில் கொஞ்சம் இடம் கொடுக்கும். நீளத்தில் எந்த ஷூவும் கொடுக்காது. ரெக்சின் மாதிரியான செயற்கைப் பொருள் எதிலும் கொடுக்காது. கால்தான் அதற்கு இடம் கொடுக்க வேண்டியிருக்கும். எங்கள் கடையில் இந்த வாக்கியத்தைச் சொல்லக் கூடாது என்று பையன்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

சேஃப்டி ஷூவுக்கு வருகிறேன். உங்கள் கேள்வியில் எனக்குக் கவலை தந்தது அதுதான். அதன் மூக்கில் விரல்களைக் காக்க வைத்திருக்கும் கெட்டி மூடியான டோ கேப், இந்தியத் தர விதி ஐ.எஸ். 15298-இன்படி 200 ஜூல் அடியைத் தாங்க வேண்டிய பொருள். 20 கிலோ இரும்பு ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுகிற அடி அது. அப்படிப்பட்ட மூடி உங்கள் சுண்டுவிரலுக்காக ஒரு நூல்கூட விரியாது. செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துத் தட்டி விரிக்கவும் முடியாது, அதைச் செய்யவும் கூடாது. பெரிய நம்பர் எடுத்துக் கழலக் கழலப் போட்டுக்கொண்டு மெஷின் பக்கம் நிற்பதும் ஆபத்து. உங்கள் ஸ்டோர்ஸில் கேளுங்கள்: "நம்பர் சரிதாங்க, அகலமான மாடல் வேணும்." பெரும்பாலும் இரண்டு மூன்று மாடல்கள் வரவழைப்பார்கள், மூக்கு உருண்டையாக, முன்பாதம் பரந்து இருப்பதைப் போட்டுப் பாருங்கள். அளந்த தாளைக் கையோடு கொண்டுபோய்க் காட்டினால் பேச்சு சுலபமாகும். மாடல் மாறி வரும் வரைக்கும் மெல்லிய சாக்ஸ் போடுங்கள். உள்ளே தடித்த இன்சோல் தனியாகக் கழன்று வந்தால், அதற்குப் பதில் அதே மாதிரி மெல்லியதாக ஒன்று தர முடியுமா என்றும் அங்கேயே கேளுங்கள். இறுக்கமான ஷூவுக்குள் தடித்த சாக்ஸ் போட்டால் வலி கூடத்தான் செய்யும்.

ஆன்லைனில் வாங்குவதாக இருந்தால் நம்பரைத் தேடாதீர்கள், அந்த ஷூவின் அட்டவணையில் மில்லி மீட்டரோ சென்டி மீட்டரோ போட்டிருக்கிறதா என்று தேடுங்கள். அது ஷூவின் நீளமா, காலின் நீளமா என்று கவனியுங்கள், இரண்டும் ஒன்றில்லை. உங்களுக்குச் சரியாக இருக்கும் அந்த ஸ்போர்ட்ஸ் ஷூவின் இன்சோலை எடுத்து அளந்து வைத்துக்கொண்டால், புது ஷூ வந்ததும் அதன் இன்சோலோடு ஒப்பிட்டு ஐந்து நிமிஷத்தில் வைத்துக்கொள்வதா திருப்பி அனுப்புவதா என்று முடிவெடுக்கலாம். நியூ பேலன்ஸ், ஸ்கெச்சர்ஸ் போன்ற சில கம்பெனிகள் சில மாடல்களில் அகலத்தைத் தனியாகக் குறிப்பிடுகின்றன. அமெரிக்க ஆண்கள் ஷூவில் டி என்றால் சாதாரணம், 2ஈ அகலம், 4ஈ அதைவிட அகலம். பெண்கள் ஷூவில் அதே டி அகலத்தைக் குறிக்கும், பி-தான் சாதாரணம்.

அப்பாவின் கால். மானாவாரிக் காட்டில் வெறுங்காலோடு நடந்து, ஏர் பிடித்து, கல்லும் முள்ளும் மிதித்த காலில் விரல்கள் விசிறி மாதிரி விரிந்திருக்கும். என் அப்பாவுக்கும் அப்படித்தான் இருந்தது. சிறு வயதிலிருந்து ஷூ போடாமல் வளர்ந்த கால் அது. விரல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தரையைப் பிடிக்கும். அதில் ஒரு குறையும் இல்லை. அந்தக் காலைக் கூர் மூக்குக் கறுப்பு ஷூவுக்குள் திணிப்பதுதான் தப்பு. கல்யாணத்தன்று விடியற்காலையிலிருந்து மத்தியானம் வரை பெண்ணைப் பெற்றவர் நின்றுகொண்டே இருக்க வேண்டும். அவருக்கு வலி இல்லாமல் இருப்பதுதான் முதல் வேலை.

வேட்டி கட்டுகிறவராக இருந்தால் ஷூவே வேண்டாம் என்பேன். புறங்காலின் மேல் அகலப்பட்டை வந்து, பக்கிளோ வெல்க்ரோவோ வைத்து இறுக்கித் தளர்த்தக்கூடிய தோல் செருப்பு வாங்குங்கள். முன்பக்கம் திறந்திருப்பதால் விரல்களுக்கு இடப் பிரச்சினையே வராது. பட்டை போதவில்லை என்றால் செருப்புத் தைப்பவர் அதைப் பிரித்துத் தள்ளித் தைத்துக் கொடுப்பார். பேண்ட்டும் ஷூவும்தான் என்றால், மூக்கு உருண்டையான, கயிறு கட்டுகிற உண்மையான தோல் ஷூ. கயிறு இல்லாமல் நுழைக்கிற மாடல் அவருக்கு ஒத்து வராது. அகலத்துக்குப் பார்த்தால் குதிகால் கழலும், குதிகாலுக்குப் பார்த்தால் விரல் நசுங்கும். கயிறு இருந்தால் முன்னால் உள்ள ஓட்டைகளில் தளர்வாக விட்டு, மேல் ஓட்டைகளில் மட்டும் இறுக்கலாம். புறங்கால் உயரமாக இருந்தால் நடுவில் ஒரு ஜோடி ஓட்டையை விட்டுவிட்டும் கோர்க்கலாம், அழுத்தம் உடனே குறையும். எங்காவது ஒரே இடத்தில் கடித்தால், தோலாக இருப்பதால், அந்த இடத்தை மட்டும் மரக்கட்டை வைத்து விரித்துக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

அவருக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் மேலே சொன்னதில் ஒன்று மாறும்: "வலிக்குதாப்பா" என்று கேட்டு முடிவெடுக்காதீர்கள். சர்க்கரையில் காலின் உணர்ச்சி குறைந்திருந்தால் ஷூ கடிப்பது தெரியாது. கொப்புளம் புண்ணாகி நாற்றம் வந்த பிறகுதான் தெரியும். அவருக்கு அளவை வைத்தும் கண்ணால் பார்த்தும்தான் வாங்க வேண்டும். புது ஷூவோ செருப்போ அரை மணி நேரம் போட்டதும் கழற்றி, எங்காவது சிவந்திருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். தினமும் போட, எம்.சி.ஆர். என்கிற நுண்துளை ரப்பர் வைத்த மெத்தென்ற செருப்பு பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

பிள்ளைகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கல்யாண வீட்டில் அவர்களும் இருப்பார்கள். வளர்கிற கால் என்று இரண்டு நம்பர் பெரிதாக வாங்குவது வேண்டாம். நான் மேலே சொன்ன 10 முதல் 12 மில்லி மீட்டர் இடமே போதும், ஆனால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இன்சோலை எடுத்துப் பார்த்துவிட வேண்டும்.

கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கிறது என்றீர்கள். இந்த வாரமே ஒரு சாயங்காலம் அப்பாவைக் கையோடு கடைக்கு அழைத்துப் போங்கள், அவர் இல்லாமல் நம்பர் சொல்லி வாங்கிவர வேண்டாம். வாங்கியதும் வீட்டுக்குள்ளேயே சுத்தமான தரையில் தினமும் அரை மணி நேரம் போட்டு நடக்கச் சொல்லுங்கள். பில்லையும் பெட்டியையும் பத்திரமாக வையுங்கள், எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவார்கள் என்று வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். சோல் அழுக்காகாமல் இருந்தால் பெரும்பாலான கடைகளில் மாற்றித் தருவோம்.